ஐம்பத்தெட்டாவது அவுட்

டொலீடோ நகரின் குடிநீர் நிலையத்தில்
இரவு ஷிப்டுக்கு இரண்டே பேர்:
நானும், ஆர்வில் கச்மாரெக்கும்.
ஏரி உறைந்துவிட்டால்
மீட்டர் முட்கள் சொன்னதையே சொல்லும்.
அதனால் ஜனவரிதோறும்
செத்துப்போன எட்டு பேஸ்பால் அணிகளை எழுப்பி
மோதவிடுவோம்.

மைதானம், நாங்கள் சாப்பிடும் மேசை.
ஆளுக்கு ஓர் அட்டை; அதில் அவன் அடித்தது, விட்டது,
ஒரு கோடையில் திருடிய பேஸ்கள்.
காற்று, வெயில், நடுவரின் கண்கோளாறு
எல்லாம் இரண்டு பகடைக்குள்.

1908இன் செருப்பாலை அணி
முதல் சுற்றிலேயே மண்ணுக்குத் திரும்பியது.
1922இன் தீயணைப்பு வீரர்களுக்கு விழுந்த ஆறு
மூன்றாம் பம்ப் அதிர்ந்து புரண்டு ஒன்றானது.
செல்லும் என்றான் ஆர்வில். செல்லாது என்றேன்.
ஒரு வாரம் ‘பிரஷர் எவ்வளவு’ தவிர
வேறு பேச்சில்லை எங்களுக்குள்.

இறுதிக்கு வந்தவர்கள்
அவனுடைய 1919 சாண்டஸ்கி படகோட்டிகள்,
என்னுடைய 1936 பதூக்கா நீல நாரைகள்.
வெள்ளை அணி ஒன்று, கறுப்பு அணி ஒன்று.
பதினேழு வருடத்தைப் பகடை
ஒரே உருளலில் தாண்டிவிடும்.
மற்றதைத் தாண்ட
ஒரே வருடத்தில் வாழ்ந்தவர்களுக்கும்
வழி இருக்கவில்லை.

படகோட்டிகளின் கணக்கு அச்சிட்ட புத்தகம்.
நாரைகளின் கணக்கு என் கையெழுத்து.
ஏழு நூலகங்கள், எலி கடித்த செய்தித்தாள்கள்,
எண்பது ஆட்டங்களில் முப்பத்தொன்று.
மிச்சத்துக்கு எந்தப் பத்திரிகையும்
ஆள் அனுப்பவில்லை.

ஆர்வில் போட்ட விதி: எழுதாதது நடக்கவில்லை.
ஆளுக்கு எத்தனை இன்னிங்ஸ் ஏட்டில் உண்டோ
அத்தனைதான் இங்கும் வீசலாம்.
எம்மெட் டாலிவர், என் இடக்கை பிட்சர்,
ஏட்டின்படி பத்தொன்பது இன்னிங்ஸ் வாழ்ந்தவன்.
ஐம்பத்தேழு அவுட்.
கஞ்சன் சர்க்கரை அள்ளுவதுபோல்
தொடர் முழுக்க அவனை எண்ணி எண்ணிச் செலவழித்தேன்.

ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ்.
மூன்றுக்கு இரண்டு, நான் முன்னால்.
இரண்டு பேஸில் ஆள். இரண்டு பேர் அவுட்.
இரண்டாவது அவுட், டாலிவரின் ஐம்பத்தேழாவது.

ஆர்வில் பகடையைக் கையில் குலுக்கியபடி
சுவரைப் பார்த்துச் சொன்னான்:
“இன்னும் ஒருத்தனுக்கு வீசட்டும், பெட்வே.
நான் பார்க்கவில்லை.”

பார்க்காமல் இருந்தது போதாதா
என்று நாக்கு நுனிவரை வந்தது.
“விதி உன்னுடையது” என்றேன்.
டாலிவரைக் கவிழ்த்து வைத்தேன்.

ஹோசியா பின்ஸ். அணியின் பஸ் டிரைவர்.
ஜூலையில் ஒருநாள் ஆள் குறைந்ததால்
வண்டிச் சாவி பையில் கிடக்க வீசினார்.
ஒரு அவுட், நாலு அடி.
அவருடைய அட்டையில் வெள்ளைதான் அதிகம்.

ஆறு. ஐந்து.
பகடை ஆர்விலின் காபிக் குவளையில் மோதி நின்றது.
பந்து வலப்பக்க வேலியில் மோதியது.
இரண்டு பேர் வீடு சேர்ந்தார்கள்.
சாண்டஸ்கி 4, பதூக்கா 3.
நோட்டில் நானே எழுதினேன்; பேனா நன்றாகத்தான் ஓடியது.
ஆர்வில் கொண்டாடவில்லை,
எழுந்துபோய் ஒரு வால்வைத் திருகினான்.
அது திருகத் தேவையில்லாத வால்வு.

மார்ச்சில், விடுமுறை எடுத்து,
இல்லினாயில் கெய்ரோ என்ற ஊரில்,
மாட்டு ஏல விளம்பரத்துக்குக் கீழே கிடைத்தது:
‘நாரைகளின் டாலிவர் மூன்று இன்னிங்ஸ்,
ஒருவரும் முதல் பேஸ் தொடவில்லை.
நான்காவதில் மழை.’

ஒன்பது அவுட்.
அட்டையில் 19ஐ அழித்து 22 எழுதி
காலைச் சாப்பாட்டுக்கு நடுவில்
அவன் முன் தள்ளினேன்.

இரண்டு முறை படித்தான்.
கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறையும்.
“மழையில் நின்ற ஆட்டம்
கணக்கில் சேராது, பெட்வே.”

“எழுதியிருக்கிறதே.”

“எழுதியிருக்கிறதுதான்...”
என்று இழுத்தான்.
ஏரியில் பனி விரிசல்விடத் தொடங்கியிருந்தது.
அடுத்த ஜனவரிக்குப்
பத்து மாதம் இருக்கிறது,
வாதாட.