மாதம் பத்து டாலர்

டுலூத்தில் ஏரி உறையத் தொடங்கிய வாரம்.
நூலகத்தின் கீழ்த்தளம், கொதிகலன் அறைக்குப் பக்கம்
எனக்கொரு மேசை, ஒரு தொலைபேசி,
ஒரு கால் ஆடும் நாற்காலி.
அதில் வந்து உட்காருவார்கள்
இரண்டு அட்டை வைத்திருப்பவர்கள்.

ஒன்று மெடிகேர்: வயதுக்கு, அல்லது முடங்கிய உடம்புக்கு.
மற்றது மெடிகெய்ட்: கையில் காசில்லை என்பதற்கு.
இரண்டும் இருந்தால் என்ன கவலை என்பார்கள்
ஒன்றும் இல்லாதவர்கள்.
இரண்டு குடை பிடித்து நடந்து பாருங்கள்.
நடுவில் சேரும் மழை
நேராகப் பிடரியில் இறங்கும்.

ஆர்விட் மாக்கி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தார்.
தாதுக் கப்பல்களைத் துறையில் கட்டியவர்.
வலக்கையில் இரண்டு விரல் இல்லை.
மெடிகெய்ட் புதுப்பிக்கும் படிவம்,
பதினெட்டுப் பக்கம், வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
காப்பித்தூள் டப்பாவைக் கவிழ்த்தார்,
காகிதங்கள் மேசையில் சரிந்தன.
வாடகைச் சீட்டு, மின்கட்டணம்,
இறந்துபோன நாய்க்கு எடுத்த உரிமம்.
அடியில், ரப்பர் வளையம் போட்டு, ஒரு கட்டு.

இது என்ன?

"ஆஸ்பத்திரிக் கடன், கொரின்.
மெடிகேர் கொடுத்தது போக எழுநூற்று முப்பது என் தலையில்.
மாதம் பத்து.
ஒரு மாதம் தவறியதில்லை."

எண்ணினேன். நாற்பத்தொரு ரசீது.
எண்ணி முடித்தபின்னும்
எண்ணுவதுபோல் விரலை நகர்த்திக்கொண்டிருந்தேன்.
எப்படிச் சொல்வது?
இரண்டு அட்டையும் உள்ள இவரிடம்
அந்த மீதியைக் கேட்கவே கூடாது என்கிறது சட்டம்.
கேட்டது தப்பு.
கேட்டவர்களுக்கு அது தெரியாது,
அல்லது தெரியும்.

சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன்.
ரசீதுக் கட்டைத் தன் பக்கம் இழுத்து
வளையத்தைத் திரும்பப் போட்டார்.
"சனிக்கிழமைகளில் சவுனாவுக்குப் போவேன்.
மாதத்தில் ஒரே தரம்.
அதை நிறுத்தித்தான் இதைக் கட்டினேன்.
அங்கே இருந்தவர்களில் இப்போது
ரெய்னோ இல்லை. வைக்கோவும் இல்லை."
அவ்வளவுதான் சொன்னார்.

தொலைபேசியில் நாற்பத்தேழு நிமிடம்.
ஒரே புல்லாங்குழல், ஒரே ஏழு சுரம்,
நடுநடுவே என் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல்.
பிறகு ஒரு பெண்:
"எங்கள் திரையில் நோயாளி பொறுப்பு என்றுதான் காட்டுகிறது."
உங்கள் திரை தவறு, என்றேன்.
இந்த வாக்கியத்தை உப்பு போடாமல் பரிமாற
எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.
சட்டப்பிரிவின் எண்ணைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.
மேலாளர் வந்தார். மீண்டும் புல்லாங்குழல்.

மீதி முந்நூற்று இருபது, இனி பூஜ்யம்.
கட்டிய நானூற்றுப் பத்து?
"பரிசீலிப்போம். எட்டு வாரம் ஆகலாம்."
எழுத்தில் கொடுங்கள் என்றேன்.
எழுத்தில், என்று ஆர்விட்டும் சொன்னார்,
தொலைபேசிக்கு அல்ல, மேசைக்கு.

சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து டாலர் நோட்டை எடுத்தார்.
இந்த மாதத்துக்கு மடித்து வைத்திருந்தது.
நீவிப் பார்த்தார்.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
திரும்ப மடித்தார்.

பிறகு படிவம்.
பெயர், முகவரி, வங்கியில் இருப்பது:
நூற்று எழுபத்து நான்கு டாலர்.
அக்காள் பிறந்தநாளுக்கு அனுப்பும் நாற்பதைச் சொல்லலாமா?
சொல்லுங்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள்.
பதினோராவது கேள்வி:
வரவிருக்கும் பணம் ஏதேனும் உண்டா?

பேனா நின்றது.
"கொரின், அந்த நானூற்றுப் பத்து.
திரும்பி வந்தால் அது என் வருமானமா?
அதைக் காட்டி இந்த அட்டையைப் பிடுங்கிவிடுவார்களா?"

சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

கையேட்டை இழுத்து
பக்கம் தேடத் தொடங்கினேன்.