வராத புயலின் கணக்கு

மூன்றாம் எண் கூண்டு ஏறிய மதியம்
உப்பனாறு எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது.
காற்றே இல்லை.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இருநூற்று நாற்பது கேன்கள்
உப்புநீரில் கழுத்தளவு நின்று
உறைந்துகொண்டிருந்தன.
ஓரமெல்லாம் வெள்ளை, நடுவில் இன்னும் தண்ணீர்.
நிறுத்துங்க என்றேன்.
குணபூஷணம் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு
மறுபடி சொல்லச் சொன்னார்.
நிறுத்துங்க.

பதினொரு வருடமாய்
கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே கத்தியே பேசியவர்கள் நாங்கள்.
அது அடங்கியதும்
எல்லார் குரலும் கொஞ்சம் அதிகப்படியாக இருந்தது.

அமோனியாவை ரிசீவருக்குள் இழுத்துப் பூட்டினோம்.
ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு
ஒவ்வொரு வால்வையும் கையால் திருகிப் பார்த்தார் அவர்.
மோட்டார் இரண்டும் சங்கிலிக் கப்பியில் தொங்கி மேலேறின,
சுவரில் இருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டி.
அந்த வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரம் அது.
தணிகாசலத்துக்கு அது பழைய கதை.
எனக்கு அளவுகோல்.

ஆட்களுக்கு மஞ்சக்குப்பத்தில் லாட்ஜ், மாடி அறை.
ஏன் எதற்கு என்று கேட்காமல் பையைத் தூக்கியவன்
பிகாஷ் ஒருவன்தான்.
ஒடிசாக் கடற்கரையில் பிறந்தவன்.

"போட்டெல்லாம் கரையில கிடக்கு.
திரும்பினா ஒரே நேரத்துல கிளம்பும்.
ஐஸ் எங்கன்னு கேட்பான், என்ன காட்டுவ?"
தணிகாசலம் போனில் கத்தினார்.
பங்குதாரர்.
நாற்பது சதவீதம் கத்த உரிமை உண்டு.

இரவு முழுக்க விழித்திருந்தேன்.
கூரைத் தகடு ஒருமுறைகூட முனகவில்லை.
புயல் வடக்கே திரும்பி
ஆந்திரா பக்கம் போய்விட்டதாம்.
விடிந்தபோது வானம்
கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு.

நின்ற தொட்டி மறுபடி குளிர
ஒன்றரை நாள் பிடிக்கும்.
கடலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.
சோனாங்குப்பம் படகுகள்
பக்கத்து கம்பெனியில் கட்டி ஏற்றிக்கொண்டு போயின.
மாசிலாமணி மட்டும் நேரில் வந்து சொன்னான்:
"கோவிச்சுக்காதீங்க அக்கா.
உங்க தொட்டி இன்னும் தண்ணியா இருக்கு."
அவனுக்கு மூன்று படகு.
வாய்க்காலில் என் அரைகுறைக் கட்டிகள்
கரைந்து போய்க்கொண்டிருந்ததை
அவன் பார்க்காததுபோல் தாண்டிப் போனான்.

இன்ஷூரன்ஸ்காரர் நல்ல மனிதர்.
"நடந்ததுக்குத்தான் மேடம் பணம்.
நடக்காததுக்கு எங்ககிட்ட படிவமே இல்ல."

ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
ஃபரிதா கணக்குப் புத்தகத்தைத் திறந்தபடி கேட்டாள்:
"இதை எந்தத் தலைப்புல எழுதறது?
பராமரிப்பா, நஷ்டமா?"
தெரியவில்லை.
பென்சிலால் எழுதி வை என்றேன்.

சனிக்கிழமை எல்லாரையும் கிரஷர் பக்கம் நிற்கவைத்தேன்.
முடிவு என்னுடையது.
மூன்று நாள் கூலியில் கை வைக்கமாட்டேன்.
படகுக்காரர்களுக்கு முதல் நாளே சொல்லி
இருந்த ஐஸை அவர்கள் பெட்டியில் ஏற்றியிருக்க வேண்டும்.
அதை நான் யோசிக்கவில்லை. அது என் தப்பு.
இன்னொரு வாக்கியம் பேசியிருந்தால்
அழுகையாகியிருக்கும்.
டீ வந்துவிட்டது.

மீன் ஏலத்தில் இப்போது எனக்குப் பெயர்
புயலக்கா.
சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுகிறார்கள்.
நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

இன்று மறுபடி கூண்டு ஏறியிருக்கிறது.
மறுபடி உப்பனாறு அசையவில்லை.
சிவப்புக் கோட்டுக்குக் கீழே
இப்போது பதினேழு போன் நம்பர்கள்,
முதலில் மாசிலாமணியுடையது.
"ஐஸை இன்னிக்கே ஏத்திக்கோ.
கடன்தான், கிளம்பறப்போ கொடு" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம்.
"நிறுத்தப் போறீங்களா அக்கா?"

சுவிட்சில் கை வைத்தபடி
குணபூஷணம் பஞ்சை எடுக்காமல்
என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் இன்னும் வாய் திறக்கவில்லை.