எழுபத்தெட்டில்

எழுபது வரைக்கும் சொன்ன பேச்சைக் கேட்கும்.
எழுபத்தைந்தில் தொண்டையைச் செருமும்.
எழுபத்தெட்டில், பாலத்தின் நடுமேட்டில்,
குளிர்ஜுரக்காரன் பல்லைப்போல
மொத்தக் காடியும் அடித்துக்கொள்ளும்.
தொண்ணூற்றைந்தில் அடங்கிவிடும்தான்.
பாலத்தில் எண்பதுக்கு மேல் போனால் சம்மன்.
சட்டம் விட்ட வேகத்தில்தான் எனக்கு நடுக்கம்.

மஸாஜ் நாற்காலியா அக்கா என்றான் ஒரு பையன்.
ஒருத்தி ஒன்றும் சொல்லாமல்
ஏழு மாத வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.
அன்றைக்குத்தான் வெட்கமாகிப்போனது.

ஜெலுத்தோங் கடையில் முன்னால் இரண்டு புது டயர்.
சுங்கை பினாங்கில் அலைன்மெண்ட்.
இஞ்சின் மவுண்டிங் என்றார் ஒரு கணக்காளர்,
ஏர்போர்ட் போகிற வழியில், வெகு உறுதியாக.
டிரைவ் ஷாஃப்ட், அறுநூறு வெள்ளி என்றார் கொழுந்தனார்.
பாலம்தான் ஆடுகிறது என்று
நானே ஒரு வாரம் நம்பிப் பார்த்தேன்.

பூன் கியாட் பானெட்டைத் திறக்கவில்லை.
பாதி குடித்த தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்தான்:
ஒன்றை டாஷ்போர்டில் படுக்கவைத்தான்,
ஒன்றைப் பின்சீட்டின் கீழே.
"ஓட்டு தங்கச்சி" என்றான், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவன்போல.
எழுபத்தெட்டில் முன்பாட்டில் தூங்கியது.
பின்பாட்டிலில் தண்ணீர் மீன்குஞ்சாய்த் துடித்தது.
"பிலாக்காங்" என்றான்.
நியூட்ரல் போடச் சொன்னான். துடிப்பு நிற்கவில்லை.
"இஞ்சின் இல்லே."
பிரேக்கை லேசாகத் தொடச் சொன்னான். கூடவில்லை, குறையவில்லை.
"பிரேக் இல்லே."
ஆளுக்கொரு காரணம் கூட்டிவிட்ட ஊரில்
இவன் ஒருவன் கழித்துக்கொண்டே வந்தான்.

பின்னால் இடது சக்கரத்தைக் கழற்றி
ரிம்மின் உள்பக்கம் டார்ச் அடித்தான்.
பிடிகொழுக்கட்டை அளவில், சாம்பல் நிறத்தில்,
சிமென்ட்.
திருப்புளியால் தட்டினான். பெயர்ந்து விழுந்தது.
மனைவியின் கேக் தராசில் நிறுத்தோம்:
அறுபத்து மூன்று கிராம்.

அதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.
தீபாவளிக்கு முந்தின வாரம், பத்து மாவுங்கில், கொட்டும் மழை.
ஷொஹிதுல் என்று காட்டியது போனில்.
ரைஸ் குக்கர் ஒன்றை அணைத்துக்கொண்டு வந்தான்.
கேட்டோடு இறக்கிவிட வேண்டியவள்தான்.
மழை விடாததால், கட்டுகிற இடத்துக்குள்ளேயே,
கொட்டிக் கிடந்த கலவைச் சேற்றில்
ஏற்றி இறக்கி,
அவன் கொட்டகை வாசல்வரை போனேன்.
காடி அழுக்காகிவிடுமென்று
பூட்ஸைக் கழற்றி
வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தான் அவன்.
உள்ளே ஒரு பொட்டு மண் விழவில்லை.

பூன் கியாட் இருபது வெள்ளி கேட்டான்,
அதிலும் ஐந்தைத் திருப்பிக் கொடுத்து
டீ குடிக்கச் சொன்னான்.
சிமென்ட் கட்டியை எறிய மனம் வரவில்லை.
டோல் சில்லறையோடு கிடக்கிறது.

மறுநாள் பாலத்தில் எழுபத்தெட்டு.
தண்ணீர் சும்மா கிடந்தது.
பழக்கதோஷம், என் கைகள்தான்
ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டிருந்தன.
பின்சீட்டுப் பெண்
போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.
பட்டர்வொர்த்தில் இறங்கியதும்
நாலு நட்சத்திரம் போட்டிருந்தாள்.