நின்ற நேரம்

சேர்ந்த முதல் வாரம்
ரிஃப்ராக்டோமீட்டரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.
ஹசீனா சிரிக்கவில்லை.
வாங்கித் திருப்பிக் கையில் வைத்தாள்.
"முதல் சொட்டை நம்பாதீங்க சார்.
போன தொட்டியோட ஈரம் அதுல இருக்கும்.
துடைச்சிட்டு ரெண்டாவது சொட்டை வையுங்க."

என்னைவிட இரண்டு வயது சின்னவள்.
பழையபேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள்.
ஒன்பது மாம்பழ சீசன்,
ஒன்பதிலும் கான்ட்ராக்ட்.
கூழின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்
இது மரத்தில் முற்றியது,
இது கல் வைத்துப் பழுத்தது என்று.
எனக்குக் கற்றுக்கொடுத்ததற்கு
அவள் சம்பளச் சீட்டில் வரி எதுவும் இல்லை.
பயிற்சியைச் சிறப்பாக முடித்ததாக
எனக்கு மட்டும் ஒரு சான்றிதழ் வந்தது,
லேமினேட் செய்து.

மறு ஜூனில் நான் ஷிப்ட் இன்சார்ஜ்.

பெங்களூரா ஏற்றிய லாரிகள்
பர்கூர் ரோடு வரை நின்ற ஒரு நாள்
அறுபது டிரம் திரும்பி வந்தது.
பதிவேட்டில் பிரிக்ஸ் பதினாலரை, அவள் கையெழுத்து.
டிரம்மில் பன்னிரண்டே கால்.
மெமோ முன்பே டைப் ஆகியிருந்தது.
என் பெயருக்கு மேலே கொஞ்சம் காலி இடம்.
போட்டேன்.
ஷிப்ட் மாறும் வேளையில்
நாற்பது பேர் முன் நானே வாசித்தேன்.
கவனக்குறைவு. மூன்று நாள் சம்பளப் பிடித்தம்.
ஹசீனா முடியைத் தொப்பிக்குள்
தள்ளிக்கொண்டிருந்தாள்.
அவள் எதுவும் கேட்கவில்லை.
வாசிப்பதற்கு முன்
நானும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

எட்டாம் நாள்
அவள் மாதிரி எடுக்கிற குழாயைத் தாண்டி
ஒரு நீராவி வால்வு
கூழுக்குள் தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருந்தது.
என் செக்லிஸ்டில் பதினோராவது வரி அந்த வால்வு.
அதற்கு நேரே
தினமும் ஒரு டிக்.
என் டிக்.

"பிடிச்ச காசைப் போட்டாச்சு, ஃபைலை மூடுங்க"
என்றார் மனிதவள அதிகாரி.
கை கழுவும் இடத்தில் அவளிடம் சொன்னேன்,
தப்பு என்னுடையது என்று.
"சரிங்க சார்."
சோப்பு நுரை முழங்கை வரைக்கும்.
குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்:
"அதை வாசிச்ச இடத்துலயே
இதையும் வாசிங்க."

மறுநாள் அதே வேளை, அதே மஞ்சள் கோடு.
ஒரு பக்கம் பல்ப்பர் இரைச்சல்,
ஒரு பக்கம் டிரம் உருளும் சத்தம்.
முதல் வரிசை என் உதட்டைப் பார்த்தது,
மற்றவர்கள் கடிகாரத்தை.
கடைசியில் நின்ற ஹசீனா
கையைக் காதருகே கொண்டுபோனாள்,
கேக்கலையே என்பது போல.

மெமோ வாசித்த அன்று
பெல்ட் நின்றிருந்தது,
வண்டி வராத நேரம்.
இன்று பழம் நெருக்கிக்கொண்டு வருகிறது.
நிமிஷத்துக்கு எத்தனை கிலோ என்று
எனக்குத் தெரியும்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

ஒரு பழம் மட்டும் நிற்காமல் உருண்டுபோய்
யாரோ ஒருவரின் பூட்ஸில் முட்டியது.
அந்த அமைதியில்
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.
"தவறு ஹசீனாவுடையது அல்ல.
வால்வைப் பார்க்காமல் டிக் போட்டவன் நான்."
இரண்டு தடவை வாசித்தேன்.
முதல் தடவை
தொண்டையில் ஏதோ ஒட்டியிருந்தது.

கைதட்டல் எதுவும் இல்லை.
அவள் தன் மேசைக்குப் போய்
கண்ணாடியைத் துடைத்தாள்.

இயந்திரம் நின்ற நேரத்துக்கென்று
ஒரு பதிவேடு உண்டு.
இரண்டு நிமிடம் பத்து விநாடி என்று எழுதினேன்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
'திருத்தம்.'

இன்று காலை அதன் கீழே
மெயின்டனன்ஸ்காரர் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்:
எந்த மெஷின்?