கொருக்குப்பேட்டை கேட்டில் இளவரசன்

மணிக்கூண்டுக்குப் பின்சந்தில் எங்கள் கடை.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்,
பிழை திருத்தம் தனி.
காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
பட்டா கேட்டு ஆட்சியருக்கு மனு,
இவற்றுக்கு நடுவே ஒரு வியாழக்கிழமை
மஞ்சள் பையில் வந்து இறங்கியது
சோழத்திலும் சேராத பாண்டியத்திலும் சேராத
ஒரு சாம்ராஜ்யம்.

எழுதியவர் அமிர்தகடேசன், வயது எழுபத்தொன்று.
"சரித்திரம்மா. பாத்து அடி.
சிரிக்கிற எடத்துல மட்டும் சிரி."

முதல் அத்தியாயத்தில் இளவரசி வைடூரியவல்லி
உப்பரிகையில் நின்று
விடியற்காலை மூன்று மணிக்குத்
தண்ணீர் லாரியை எதிர்பார்க்கிறாள்.
அந்தப்புரத்து மகளிர் முப்பத்தாறு பேரும்
குடம் வைத்து இடம் பிடித்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள்.
பட்டத்தரசியின் குடம் பொன்.
வைத்துவிட்டுப் போக மனமில்லாமல்
அவள் மட்டும் நிற்கிறாள்.

"ஐயா, அந்தக் காலத்துல லாரியா?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"யானைன்னு மாத்திக்க.
மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."
ஒரே தட்டில் மாற்றினேன்.
நாற்பத்திரண்டு இடங்களில் யானை வந்தது.
ஒன்றில் ரிவர்ஸ் எடுத்தது.
தளபதி நீலாரிகேசரி
அன்றுமுதல் நீயானைகேசரி.
அது அவருக்குப் பிடித்திருந்தது, விட்டுவிட்டார்.

இளவரசன் அண்டை நாட்டிலிருந்து
வெண்புரவியில் வருகிறான். காதல், கடுங்காதல்.
நான்காம் அத்தியாயத்தில்
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடுகிறது.
கூட்ஸ் போகிறது.
ஐந்தாம் அத்தியாயத்திலும் போகிறது.
ஆறில் அவன் குதிரைக்கு மாங்காய்ப் பத்தை வாங்கித் தருகிறான்,
மிளகாய்த்தூள் கம்மியாக.

இங்கே லாரியைப் போல நான் கேள்வி கேட்கவில்லை.
என்னைப் பெண்பார்க்க வந்தவர்களும்
அதே கேட்டில்தான் நின்றார்கள்.
அவர்களுக்கு முன்னால் ராகுகாலம்
எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

பதினோராம் அத்தியாயம், அரண்மனை விருந்து.
என் விரல் நின்றது.
பிரபுக்கள் பேசுவதெல்லாம் நாடக வசனம்,
சீமாட்டிகள் நகையெல்லாம் கவரிங்.
ஆனால் அந்தத் தட்டுகள்!
கோழியின் தோலை மட்டும் உரித்து
ஓரமாக ஒதுக்குகிறவள் எவள்,
மந்திரி பார்க்காதபோது
முந்திரியை மடியில் போடுகிறவர் யார்,
சிரிப்பு நிற்காமலே
காலிக் கோப்பை எந்தக் கையால் நீளும்,
நீட்டுகிற முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்,
எல்லாம் அணுஅணுவாக.

"எங்க பாத்தீங்க இதெல்லாம்?"

"ஹார்பர் பக்கம் ஒரு கிளப்பு. முப்பத்தோரு வருசம்.
வெள்ளைக் கோட்டு, பித்தளை பட்டன்.
பேரு கேட்டவங்க யாருமில்ல. பேரர்தான் பேரு.
ராஜா ராணியக் கிட்ட பாக்கணும்னா
தட்டு ஏந்தி நிக்கணும்மா.
சரியா அவங்க வாய் மட்டத்துக்கு."

கடைசி அத்தியாயம் மட்டும் வரவில்லை.
மூன்று வாரம் கழித்து
பழைய பத்து ரூபாய்க் கட்டோடு வந்தார்.
"கேட்டு இன்னும் தெறக்கலம்மா" என்றார்,
என் மேல் தப்பு இருப்பது போல.

அன்று ராத்திரி கரண்ட் வந்த பிறகு
நானே ஒரு பக்கம் அடித்தேன்:
வைடூரியவல்லி உப்பரிகையிலிருந்து இறங்குகிறாள்.
மூலக்கொத்தளம் வரை நடை, பிறகு ஷேர் யானை.
கிரீடத்தைக் கழற்றி ஒயர்கூடையில் போட்டுக்கொண்டு
ஊரே செய்வதுபோல
கேட்டுக்கு அடியில் குனிந்து
அந்தப் பக்கம் போகிறாள்.
இளவரசன் வாய் பிளக்கிறான்.
குனியலாம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

நின்றபடியே படித்தார்.
சிவப்பு மையில் ஒரே ஒரு திருத்தம்:
'கூடையில் போட்டால் கிரீடம் நசுங்கும். குடத்துக்குள் போடு.'

அந்தப் பக்கத்துக்குக் காசு வேண்டாம் என்றேன்.
இருபது ரூபாயை நீட்டினார்,
இடது கையால்,
முகத்தைச் சுவர் காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டு,
"மீதிய நீயே வெச்சிக்கோ."

சிரிக்கிற இடம்தான்.
ஜெராக்ஸ் எடுக்க நின்றவருக்குத்தான்
ஒன்றும் விளங்கவில்லை.