மணல் சுடுகிறவன்

வால்திவியாவில் மழை
வருவதற்குக் காரணம் கேட்க மாட்டோம்,
நின்றால்தான் கேட்போம்.

ஜூன் மாதக் குளிர். கூரைமேல் சங்கு ஊதியது.
மாவு பிசைந்த கையைத் துடைக்காமல் ஓடினேன்.
சங்கு ஊதினால்
மருந்துக்கடை ஃப்ரேசியா எங்கள் கேப்டன்,
பள்ளிப் பேருந்து எலியாசர் தீயணைப்பு வண்டி ஓட்டுவான்,
ரொட்டி சுடும் நான் குழாயின் முனை.
சம்பளம் கிடையாது.
தலைக்கவசம்கூடக் குலுக்கல் சீட்டு விற்று வாங்கியது.

பாலத்தடித் தெருவில்
பழைய வோக்ஸ்வேகன் வண்டு ஒன்று.
அதற்கு எஞ்சின் பின்னால், பெட்ரோல் முன்னால்.
இது தெரியும்.
காற்று முதுகில் படவேண்டும்,
பம்பருக்கு நேரே நிற்கக்கூடாது,
மூலைவாட்டில் போகவேண்டும், மூச்சுக்கருவி இறுக்கி.
இதுவும் தெரியும்.
அந்த எஞ்சினின் உடம்பு மக்னீசியம் என்பது
தெரியாது.

தெரியாது என்று சொல்லக்கூடாது.
வகுப்பில் சொன்னார்கள்.
விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவன்
மாலை வகுப்பில் என்ன செய்வான்?
தூங்கினேன்.

முனையைத் திறந்தேன்.

எரிகிற தீயில் எண்ணெய் வார்க்காதே என்று
எல்லோரும் சொல்கிறார்கள்.
தண்ணீர் வார்க்காதே என்று சொன்ன ஒரே ஆள்
நான் குறட்டை விட்டபோது சொன்னார்.

வெடி.
தெரு வெளுத்தது.
எதிர்வீட்டுத் திரைச்சீலையில்
ஒட்டுப்போட்ட தையல்வரை தெரிந்தது.
மழைத்துளிகள் எண்ணிக்கொள் என்பதுபோல்
அந்தரத்தில் நின்றன.
அந்த உலோகம் தண்ணீரைப் பிளக்கும்.
ஆக்சிஜனைத் தான் தின்று
ஹைட்ரஜனை நம் முகத்தில் துப்பும்.

தோள்வாரைப் பிடித்து இழுத்தாள் ஃப்ரேசியா.
"மூடு. பின்னால் வா. அதைப் பார்க்காதே."
இருமல் மருந்து எத்தனை மூடி என்று சொல்லும்
அதே குரல்.

உலர்ந்த மணல் வேண்டும்.
ஆற்றங்கரை முழுக்க மணல்தான்,
ஆறு குடித்த மணல்.
ஈர மணல் என்பது
சட்டை மாற்றிக்கொண்ட தண்ணீர்.

ஆகவே நின்றோம்.
குழாயை வண்டியிலிருந்து திருப்பி
பக்கத்து மரவீட்டின் பலகைகளை நனைத்தோம்.
தண்ணீர் ஒரு துளியும் வண்டிப்பக்கம் தெறிக்காமல்
முப்பத்தைந்து நிமிடம்.
டயர்கள் ஒவ்வொன்றாய் வெடித்தன.
வண்டிக்காரர் தோன் அபெலார்தோ
வெறுங்காலோடு நின்று கத்தினார்:
"வேடிக்கை பார்க்கவா வந்தீர்கள்?
ஊற்றுங்கள்! தண்ணீர் உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?"

யாரும் பதில் சொல்லவில்லை.
மழை மட்டும் கேப்டனின் பேச்சைக் கேட்கவில்லை,
தன் போக்கில் விழுந்தது.
விழுந்த இடமெல்லாம் சடசடவென்று
வெள்ளைப் பொரி.

கை பரபரத்தது.
இத்தனை வருடத்தில்
சும்மா இருக்கச் சொல்லி இந்தக் கைக்கு
யாரும் கட்டளையிட்டதில்லை.
தீ தின்று முடித்தது.
மிச்சம் வெள்ளைச் சாம்பல், கைப்பிடி மாவுபோல.
அதையும் தொடவிடவில்லை அவள்.
உள்ளே கனன்றுகொண்டிருக்கும் என்றாள்.
விடியும்வரை காவல் இருந்தோம்.

என் முகக்கண்ணாடியில் ஒன்பது பொத்தல்.
இடது கண்ணுக்குள் ஒரு வெள்ளைக் காசு
மூன்று நாள் மிதந்தது.
அந்த மூன்று நாளும்
எடைக்கல்லைப் பார்த்தாலும் காசு,
மனைவி முகத்தைப் பார்த்தாலும் காசு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில்
ரொட்டி இல்லை, அடுப்பு சும்மா.
ஆற்று மணலைச் சலித்து
தட்டுகளில் பரப்பிச் சுடுகிறேன்.
நீராவி அடங்கும்வரை.
பிறகு கைவிட்டுப் பார்ப்பேன்,
விரலில் ஒட்டினால் திரும்பவும் உள்ளே.
மூடி இறுகிய நான்கு பீப்பாய்கள்
நிலையத்தில் இருக்கின்றன,
நீண்ட பிடி போட்ட மண்வாரிகளோடு.
இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

தோன் அபெலார்தோ பேருந்தில் வருகிறார்,
திங்கள்தோறும் நான்கு ரொட்டி.
என் கண்ணைப் பார்க்காமல் காசு வைப்பார்.
போன வாரம் வாசல்வரை போய்த் திரும்பி,
ஆண்டு ஒன்றாகி முதல்முறை பேசினார்:

"ரொட்டியில்
மண் கரகரக்கிறது, நிபால்தோ."