ஒரு நிமிடத்தில் மீன்கள்

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, பதினோராம் நம்பர் அறை.
அந்தப் பெண் கடிகாரத்தைக் கையில் எடுத்தாள்.
"ஒரு நிமிஷம். தெரிஞ்ச மீன் பேரெல்லாம் சொல்லுங்க."
எனக்குச் சிரிப்பு வந்தது.
மண்டபம் கரையில் பதினேழு வருஷம்
ஏலம் கூவியவனிடமா?

சாளை என்றேன். சூடை. காரல்.
நகரை.
பிறகு
சாளை.
"அதைச் சொல்லிட்டீங்க."

பிறகு அந்த,
உடம்பெல்லாம் புள்ளி,
முள் குத்தினால் முழங்கை வரைக்கும் கடுக்குமே,
வயிற்றைக் கிழித்தால் பாசி வாடை வருமே.
அதன் ருசிகூட நாக்கில் இருக்கிறது.
பெயர் இல்லை.

கிளிக்.
தாளில் நான்கு என்று எழுதினாள்.

வின்ச் கம்பி அறுந்து அடித்தது என்கிறார்கள்.
எனக்கு நினைவிருப்பது ஐஸ் பெட்டியின் நீல மூடி.
அப்புறம் மதுரை, மொட்டைத் தலை,
ஜெனோவா என்று அவளைக் கூப்பிட
ஒன்பது நாள்.

எண்கள் அப்படி இல்லை.
ஆயிரத்து நூறு ஆயிரத்து நூறு ஆயிரத்திருநூறு
ஒருதரம் ரெண்டுதரம் என்று
தொடங்கிவிட்டால் தானே ஓடும்,
இறக்கத்தில் விட்ட சைக்கிள்.
என்ன மீனுக்கு என்று கேட்டால்தான்
சங்கிலி கழன்றுவிடும்.

தை மாதம் ஒரு காலை கூவிப் பார்த்தேன்.
பேர் வராத இடத்தில் கூடையைக் காலால் தள்ளினேன்.
"மீனு தன் பேரைத் தானே சொல்லிக்கும், நீ விலையைச் சொல்லு"
என்றான் வியாபாரி தாஸ்நேவிஸ்.
நல்லவன்.
அன்றைக்குக் கூடைக்கு இருநூறு குறைத்து எடுத்தான்.

ராத்திரி ரெண்டு மணி, கரண்ட் இல்லை.
"ஓரா!"
ஜெனோவா பதறி எழுந்தாள். "எங்க?"
எங்கே என்று சொல்வது.
செல்போன் வெளிச்சத்தில்
காலண்டர் தாளின் முதுகில் எழுதினாள்:
ஓரா, 2.10.
அதற்கு மேலே பாறை, 3.40. ஊளி, விடியக்காலை.
கட்டா, குளிக்கும்போது.

செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.
அந்தப் பெண்ணின் தாளில் இதற்குக் கட்டம் கிடையாது,
தெரியும்.
இதை எழுதும்போது யாரும் கடிகாரம் பிடிக்கவில்லை,
அதனால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி.
ஊசி போல மூக்கு.
ராத்திரி விளக்கைக் கண்டால்
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாயும்.
நீங்கள் சொல்லாதீர்கள்.